ப்யூஸுக்கு முன்னால்

சாவியை உருவிய பிறகும் சத்தம் வருகிறது என்றான் நைனா.
டிக்.
கொஞ்சம் பொறுத்து, டிக் டிக்.
பல்லி மாதிரி. ஆனால் பல்லி இல்லை,
சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டானாம்.

ப்ரோபாக்ஸ். வெள்ளை என்று பதிவுச் சீட்டில் இருக்கிறது.
சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பான்காரி
மரியாதையாக எதையோ சொல்கிறாள்.
ஒரு வருஷமாக அவளையும் ஏற்றிக்கொண்டு
ரங்கூன் முழுக்கச் சவாரி ஓட்டுகிறான்,
என்ன கேட்கிறாள் என்று இன்றுவரை தெரியாது.

தாமுவே சந்துக்குள் என் பட்டறை.
கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
பக்கத்துக் கடை ஜெனரேட்டர், எதிர்வீட்டு ஜெனரேட்டர்,
ஒன்றையொன்று அடக்கப் பார்த்தன.
ஸ்குரூடிரைவர் முனையை டாஷ்போர்டில் ஊன்றி
கைப்பிடியைக் காதெலும்பில் வைத்தேன்.
எந்த இரைச்சலுக்குக் கீழேயும் இரும்பு பேசும்.
பேசியது.

ரிலேதான், சந்தேகமில்லை.
உள்ளே ஒரு சுருள் காந்தமாகி
சின்ன நாக்கை இழுத்து விடுகிற சத்தம்.
எந்த ரிலே?
ஹாரன், விளக்கு, விசிறி, பம்ப்...
ப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
சாயாத் தட்டில் வரிசையாக வைத்தேன்.
பத்து சிவப்பு, பதினைந்து நீலம், இருபது மஞ்சள்.
தட்டு நிறைந்தது. பெட்டி பொக்கை வாயானது.
டிக்.

எல்லாப் ப்யூஸும் வெளியே கிடக்க
ஒன்று மட்டும் உள்ளே உயிரோடு இருந்தால்
அது ப்யூஸுக்கு முன்னாலேயே குடிக்கிறது,
பேட்டரியின் வாயிலிருந்து நேராக.
ஜப்பானில் அப்படிக் கட்டி அனுப்புவதில்லை.
பிறகு யாரோ கட்டியது.

"எப்பலேர்ந்து?"
"நேத்துலேர்ந்து. இன்டர்நெட் திரும்பி வந்துச்சே, அப்ப.
லேடான் சிக்னல்ல விக்குச்சு. அதுலேர்ந்து இந்தச் சத்தம்."
"தவணை?"
கைலியை அவிழ்த்து மறுபடி கட்டினான்.
"மூணு மாசம்."

ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்தேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
வயர்க் கற்றைக்குப் பின்னால்
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, சிம் போட்டது.
அதன் வாலில் ரிலே.
பெட்ரோல் பம்ப் வயரை வெட்டி, நடுவில் உட்கார்ந்திருந்தது.
வண்டி எங்கே நிற்கிறது என்று கம்பெனிக்குச் சொல்லும்.
கம்பெனி நிறுத்து என்றால் நிறுத்தும்.
நேற்று சொல்லிவிட்டார்கள்.
ஆனால் சுருளுக்குப் போகிற வயரில் ஈயம் பிடிக்கவில்லை.
ஆடுகிறது. இழுத்த நாக்கை நிலையாகப் பிடிக்க முடியாமல்
டிக்.

மேலே துணி டேப்.
இடப்பக்கமாகச் சுற்றியது.
முடிவில் நூலால் இரண்டு முடிச்சு,
வெயிலில் பசை இளகும் என்று பயந்து போட்டது.
நான் இடக்கையன்.
போன வருஷம், மழைக்கு முன்பு,
ஒரு குடோனில், இரண்டே நாளில், நாற்பது வண்டி.
வண்டிக்கு ஆறாயிரம் கியாட், பகல் சோறு அவர்கள் கணக்கு.
யார் வண்டி என்று அவர்கள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"என்னண்ணே, எலி கிலி இருக்கா?"
கதவோரத்தில் அவன் கால்கள் கேட்டன.
டார்ச் வாயில் இருந்தது,
பதில் சொல்லாமலிருக்க அது போதும்.

ஒழுங்காகப் பற்றவைத்தால் சத்தம் நிற்கும்.
வண்டியும் நிற்கும்.
என் மோசமான வேலைதான்
நேற்றிலிருந்து இவனை ஓட வைத்துக்கொண்டிருக்கிறது.
ரிலேயைத் தாண்டி இரண்டு வயரை முறுக்கலாம்,
இரண்டு நிமிஷ வேலை.
கம்பெனி ஆள் வருவான். முதலில் நைனாவிடம்,
பிறகு, இடப்பக்கமாகச் சுற்றுகிறவன் யார் என்று
விசாரித்துக்கொண்டு.

ஈயக்கோல் சூடாகக் கரண்ட் இல்லை.
அதையே காரணமாக வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன்.
முகத்துக்கு ஒரு சாண் மேலே
அது தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஜெனரேட்டர் நின்றது.
பக்கத்துக் கடையும்.
சந்து முழுக்கக் குழந்தைகள் கத்தினார்கள்,
கரண்ட் வந்துவிட்டது என்று.